கபடிப் பசங்களும் என் சி.எஸ்.சி.எஸ். தேர்வும்

வேலூர் சத்துவாச்சாரிக்குப் பளுதூக்குதல் புதுசில்லை. 2014, 2018 காமன்வெல்த் போட்டிகளில் 77 கிலோ பிரிவில் தங்கம் வென்ற சதீஷ் சிவலிங்கம் இந்த ஊர்க்காரர். இங்கே வளரும் பையன் பளு மாட்டும் கம்பியைப் பார்த்து மிரள மாட்டான். கபடிப் பசங்களுக்கு உடற்பயிற்சி சொல்லித் தரும் எனக்குத்தான், சரியாகச் சொல்லித் தருகிறேனா என்ற கவலை ரொம்ப நாளாக இருந்தது. அதற்காகவே உடல்வலுப் பயிற்சியாளர்களுக்கான சி.எஸ்.சி.எஸ். சான்றிதழ் தேர்வு எழுதினேன்.

அமெரிக்காவின் என்.எஸ்.சி.ஏ. என்ற உடல்வலுப் பயிற்சிச் சங்கம் நடத்தும் தேர்வு அது. பட்டப்படிப்பும், இதயம் நின்றவருக்குச் செய்யும் சி.பி.ஆர். முதலுதவிச் சான்றிதழும் வேண்டும். உடலியங்கியல், உடல் அசைவைப் பற்றிய பயோமெக்கானிக்ஸ், உணவு, விளையாட்டு உளவியல் எல்லாம் ஒரு பகுதி. பயிற்சி நுட்பம், திட்டமிடல், சோதனைகள் இன்னொரு பகுதி. இரண்டிலும் தனித்தனியாகத் தேற வேண்டும்.

சென்னைக்குப் போய் எழுதினேன். அறிவியல் பகுதி தேறிவிட்டது, நடைமுறைப் பகுதி போய்விட்டது. பத்து வருஷமாக கிரவுண்டில் நிற்கிறவனுக்கு அது ரொம்ப வலித்தது.

மறுபடி படிக்க உட்கார்ந்தபோது, சோதனைகளை எந்த வரிசையில் வைப்பது என்ற பாடத்தில் நின்றுவிட்டேன். முதலில் உயரம், எடை, எம்பிக் குதிப்பது. அடுத்து சட்டென்று திரும்பி ஓடும் சோதனை, பளு. மூச்சு வாங்கும் நீண்ட ஓட்டம் கடைசியில். வெடிப்பான முயற்சிக்குப் புத்துணர்வோடு இருக்கும் தசையும் நரம்பும் வேண்டும். ஒரு குதிக்குச் செலவாகும் சக்தி சில நிமிட ஓய்வில் திரும்பிவிடும், நீண்ட ஓட்டத்தின் களைப்பு அவ்வளவு சீக்கிரம் போகாது.

என் நோட்டை எடுத்துப் பார்த்தேன். வருஷம் முழுக்க 2.4 கிலோமீட்டர் ஓட்டத்தைத்தான் முதலில் வைத்திருக்கிறேன். ஒரு பையன் எம்பிக் குதிப்பதில் மூன்று மாதமாக 48 சென்டிமீட்டரிலேயே நின்றிருந்தான். அவன் முயற்சி செய்வதில்லை என்று கடிந்தும் இருக்கிறேன்.

அடுத்த ஞாயிறு காலை ஆறு மணிக்கு, வார்ம்-அப் முடிந்ததும் அவனைச் சுவரோரம் நிறுத்தினேன். விரல் நுனியில் சாக்பீஸ் பொடி. மூன்று முறை குதித்தான், நடுவில் இரண்டிரண்டு நிமிடம் ஓய்வு. மூன்றாவது தடம் 55. "தம்பி, தப்பு என்னோடதுப்பா" என்றேன். "இன்னொரு தடவ குதிக்கட்டுமா சார்?" என்று கேட்டான்.

அப்புறம் விழுந்த பகுதியை மட்டும் எழுதித் தேறினேன். இப்போது நோட்டில் முதலில் நேரம் எழுதுகிறேன், கத்திரி வெயிலா என்று எழுதுகிறேன், முந்தின இரவு எத்தனை மணி நேரம் தூங்கினான் என்று கேட்டு எழுதுகிறேன். அதற்கு அடுத்த கட்டத்தில்தான் சென்டிமீட்டர்.