பழைய அவுட்போர்டு எஞ்சினும் ஒரு ரப்பர் வளையமும்

ஒரு நாள் முதல் இழுப்பிலேயே உறுமிக் கிளம்புவதும், மறுநாள் 20 முறை கயிற்றை இழுத்தாலும் அசையாமல் கிடப்பதுமாக என் படகின் பின்புறம் மாட்டியிருக்கும் பழைய டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சின் சில வாரங்களாகப் பொறுமையைச் சோதித்து வந்தது. கார்புரேட்டரைப் பிரித்துப்போடும் ஆசையை அடக்கிக்கொண்டு, முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். பிளக் நனைந்திருந்தால் தீப்பொறியைச் சந்தேகிக்கலாம். ஆனால், அத்தனை முறை இழுத்த பிறகும் அது உலர்ந்தே இருந்ததால், பெட்ரோல் சிலிண்டரை எட்டவே இல்லை என்பது புரிந்தது.

பெட்ரோல் தொட்டி மூடியில், உள்ளே காற்று போக வழிவிடும் திருகு திறந்துதான் இருந்தது. தொட்டியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாயின் நடுவில், பெட்ரோலைக் கையால் அழுத்தி ஏற்றுவதற்காக உள்ள ரப்பர் பல்புதான் (குமிழ்) எவ்வளவு அழுத்தியும் இறுகவில்லை. பல்பின் உள்வால்வு பழுதானாலும் இப்படி ஆகும் என்பதால் அதைக் கழற்றிச் சோதித்ததில் அரை நாள் வீணானது. கடைசியில், தொட்டிப் பக்க இணைப்பிலிருந்த சிறிய ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது தெரிந்தது. அது உறிஞ்சும் பக்கம். அங்கே பெட்ரோல் வெளியே கசியாமல் காற்று உள்ளே போவதால், கண்ணுக்கு எந்தத் தடயமும் கிடைக்கவில்லை. வளையத்தை மாற்றியதும் பல்பு கல்லாக இறுகியது. மூன்றாவது இழுப்பில் எஞ்சின் கிளம்பியது. (சோக்கை இழுக்க நானே மறந்த நாள்களும் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.)