மேட்டூர்: அணை வளர்த்த ஆலைகளும் காவிரியின் துறைகளும்

சேலத்திலிருந்து ஓமலூர், மேச்சேரி வழியாக மேட்டூரை நெருங்கியபோது, அணைக்கு முன்பாக அனல் மின்நிலையத்தின் புகைபோக்கிகளே கண்ணில் பட்டன. பலரும் பூங்காவையும் பொரித்த மீனையும் பார்த்துவிட்டுத் திரும்பும் இவ்வூரை, ஒரு தொழில் நகரமாகவும் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம்.

1925-இல் தொடங்கி 1934-இல் நிறைவடைந்த அணையின் நீர்த்தேக்கத்துக்கு, அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஸ்டான்லியின் பெயர் சூட்டப்பட்டது. 120 அடி வரை தேக்கப்படும் நீர் டெல்டாப் பாசனத்துக்கானது என்றாலும், ஊரின் தலைவிதியை மாற்றியது அதிலிருந்து கிடைத்த மின்சாரம்தான். உப்புக் கரைசலில் மின்சாரத்தைச் செலுத்தி காஸ்டிக் சோடா என்னும் காரப்பொருளை எடுக்கும் தொழிலுக்கும், அதைவிடப் பெருமளவு மின்சாரம் கேட்கும் அலுமினியத் தொழிலுக்கும் இதைவிடப் பொருத்தமான இடம் அமைந்திருக்காது. 1936-இல் மேட்டூர் கெமிக்கல்ஸ் நிறுவப்பட்டது. 1965-இல் உற்பத்தியைத் தொடங்கிய மால்கோ என்னும் மெட்ராஸ் அலுமினியம் நிறுவனத்துக்கு, சேர்வராயன் மலையிலுள்ள ஏற்காடு, கொல்லிமலைப் பகுதிகளில் வெட்டிய அலுமினியத் தாதுவான பாக்சைட் வந்து சேர்ந்தது. அங்கு அலுமினிய உற்பத்தி 2008-இல் நின்றுவிட்டது. சேர்வராயன் மலையின் மண்ணும் காவிரியின் நீரும் ஓர் ஆலைக்குள் சந்தித்தன என்பதை எண்ணும்போது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

சரக்குகளெல்லாம் ரயிலிலும் லாரியிலும் செல்ல, காவிரியோ பெரும்பாலும் மனிதர்களையே சுமக்கிறது. கொளத்தூரைக் கடந்து பண்ணவாடித் துறைக்குச் சென்றால், நீர்த்தேக்கத்தின் மறுகரையில் தருமபுரி மாவட்டத்து நாகமரை தெரியும். பரிசலும் படகும் இல்லையென்றால், உறவினர் வீட்டு விசேஷத்துக்குக்கூட இவ்விரு கரை மக்களும் வெகுதொலைவு சுற்றியே செல்ல வேண்டும். அணை கட்டியபோது மூழ்கிய ஊர்கள் இந்த நீருக்கடியில்தான் உள்ளன. நீர்மட்டம் வெகுவாகக் குறையும் ஆண்டுகளில் தேவாலயத்தின் இரட்டைக் கோபுரமும் ஜலகண்டேசுவரர் கோயிலின் நந்தியும் வெளியே தெரிகின்றன. வேடிக்கை பார்க்க வருவோருக்கு அவை படம் எடுக்கும் இடமாக இருக்கலாம்; ஊரை விட்டுக்கொடுத்து மேட்டில் குடியேறியவர்களின் வழித்தோன்றல்களுக்கு அது குலதெய்வம் இருந்த மண். ஆளுநரின் பெயரைச் சொல்லும் ஊரில் அந்த ஊர்களின் பெயர்களையும் கல்லில் பொறித்து வைப்பதே நியாயம் என்று கருதுகிறேன்.

அணைக்குக் கீழே பூலாம்பட்டியில், கதவணையால் தேங்கிய நீரின் மீது விசைப்படகுகள் ஈரோடு மாவட்டத்து நெருஞ்சிப்பேட்டைக்கு இருசக்கர வாகனங்களையும் ஏற்றிச் செல்கின்றன. அணை நிரம்பி உபரிநீர் பெருமளவில் திறக்கப்படும் நாட்களில் இப்போக்குவரத்து நிறுத்தப்படுவதால், ஆடி மாதத்தில் செல்ல நினைப்பவர்கள் முன்னரே விசாரித்துக்கொள்வது நல்லது.