வாகனமில்லா வெனிஸில் இரைச்சல்

கார்களே நுழையாத வெனிஸின் பழைய நகரத்தில் இரைச்சல் எங்கிருந்து வரும் என்று பலர் வியக்கக்கூடும். ஆனால் இருபுறமும் கல்சுவர் எழுந்த ஒடுக்கமான சந்தில் ஒரு வழிகாட்டி ஒலிபெருக்கியில் பேசத் தொடங்கினால், அக்குரல் மேல்மாடிச் சன்னல்கள் வரை எதிரொலித்து ஏறும். இதைக் கேட்டபடி வாழ்வோரும் குறைந்துவிட்டனர்: 2022இல் பழைய நகரத்தில் குடியிருப்போர் தொகை 50,000க்கும் கீழே இறங்கியது. மாநகராட்சி 2024இல் சுற்றுலாக் குழுக்களை 25 பேருக்குள் நிறுத்தி, ஒலிபெருக்கியையும் தடை செய்தது. முரானோ, புரானோ தீவுகளும் இதில் அடங்கும், மீறினால் 500 யூரோ வரை அபராதம். இரவு தங்காமல் பகலில் மட்டும் வந்துபோகும் பயணிகளிடம் வாங்கும் நுழைவுக் கட்டணத்தைவிட இவ்விதியே பயன்தரும் என்பது என் எண்ணம், ஏனெனில் ஒலிபெருக்கிக்குப் பதிலாக வழிகாட்டியின் பேச்சைக் காதில் மாட்டும் ஒலிப்பான் (இயர்போன்) வழியே கேட்பது யாருக்கும் பெருஞ்சுமையன்று. பாலப் படிகளில் தடதடக்கும் சக்கரப் பெட்டிகளைத்தான் இவ்விதி தொடவில்லை.