ஒரு எழுத்தால் வீணாய்ப் போன வருடம்: நுழைவுத் தேர்வு எழுதாமல் பங்களாதேஷில் எம்.பி.பி.எஸ்.

போன செவ்வாய்க்கிழமை பெயர்ப் பட்டியல் வந்தது. தெற்காசிய நாடுகளுக்கான சார்க் ஒதுக்கீட்டில், பங்களாதேஷ் அரச மருத்துவக் கல்லூரி ஒன்றில் எனக்கு இடம். அம்மா மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார். ஓடிப்போய்ச் சொன்னேன். கூடையை இறக்காமலே நின்று அழுதார். இதே செய்தியை நான் போன வருடமே அவருக்குச் சொல்லியிருக்க முடியும். அந்த ஆற்றாமை ஆறுவதற்குள் இதை எழுதிவிட நினைக்கிறேன்.

இலங்கையில் பல்கலைக்கழகம் போக எழுதும் உயர்தரப் பரீட்சை, அதன் புள்ளிகளைப் பாடங்களுக்கிடையே சமப்படுத்திக் கணக்கிடும் இசட் புள்ளி எல்லாம் உங்களுக்குத் தெரியும். பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் தீவு முழுவதற்குமான திறமை, 55 வீதம் மாவட்டம், மிச்சம் 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. எங்கள் நுவரெலியா அந்த 16இல் ஒன்று. அப்படி இருந்தும் இரண்டு தரம் எழுதி, இரண்டு தரமும் மருத்துவ பீட வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் கீழே நின்றேன். இரண்டாம் தரம் உயிரியலில் ஏ, இரசாயனவியலிலும் பௌதிகவியலிலும் பி.

மூன்றாம் தரம் எழுதச் சொல்லாதவர்கள் இல்லை. நான் எழுதவில்லை. இரண்டு மணித்தியாலத்தில் 50 பல்தேர்வு வினா என்றால் எனக்குக் கை நடுங்கும். படித்தது மனதில் இருக்கும், கடிகாரத்தைப் பார்த்தால் போய்விடும். நிதானமாக உட்கார்ந்து செய்யும் வேலை என்றால் என்னால் முடியும். உங்களுக்கு நேரத்தோடு ஓட முடியுமென்றால் மூன்றாவது வாய்ப்பை விடாதீர்கள். நான் சொல்லும் வழி என்னைப் போன்றவர்களுக்கு.

பங்களாதேஷ் பிள்ளைகள் மருத்துவக் கல்லூரிக்குப் போக 100 பல்தேர்வு வினாக்கள் கொண்ட நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். வெளிநாட்டு மாணவர்களுக்கு அந்தத் தேர்வு இல்லை. நம் பதினோராம் வகுப்புச் சாதாரண தரம், உயர்தரம் இரண்டின் பெறுபேறுகளையும் பார்த்துத்தான் எடுக்கிறார்கள். டாக்காவிலுள்ள அவர்களுடைய மருத்துவக் கல்விப் பணிப்பாளர் நாயகம் அலுவலகம் நம் ஏ, பி, சீயை எல்லாம் 5 புள்ளி அளவுகோலுக்கு மாற்றி ஒரு சமானச் சான்றிதழ் தரும். உயிரியலுக்குத் தனியாகக் குறைந்தபட்சப் புள்ளி உண்டு. அரச கல்லூரியில் சார்க் இடம் கிடைத்தால் பாடக் கட்டணம் இல்லை, சாப்பாடும் மற்றச் செலவும்தான் நம்முடையது. தனியார் கல்லூரிக்கு ஐந்து வருடத்துக்கும் கேட்கும் பணத்தை அப்பாவின் சேமலாப நிதியையும் அம்மாவின் சேமலாப நிதியையும் சேர்த்தாலும் கட்ட முடியாது. எங்களுக்கு இருந்தது இந்த ஒரே கதவுதான்.

இதில் நம் பிள்ளைகள் கவனிக்காத விஷயம் சாதாரண தரம். இங்கே பல்கலைக்கழகத்துக்கு இசட் புள்ளிதான் கணக்கு என்பதால் அதை மறந்துவிடுகிறோம். அங்கே அதுவும் சேர்ந்துதான் கூட்டுத்தொகை. என்னைத் தூக்கிவிட்டது சாதாரண தரத்தில் எடுத்த எட்டு ஏ. பத்தாம், பதினோராம் வகுப்பில் இருக்கும் தங்கச்சி தம்பிமார் இதைக் குறித்து வையுங்கள்.

சரி, போன வருடம் என்ன நடந்தது?

எங்கள் வீட்டில் சான்றிதழ் எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கும். என் பிறப்புச் சான்றிதழ் நாலாக மடித்து, மடிப்பில் கிழிந்து, ஒட்டிய டேப் மஞ்சளாகிப் போயிருந்தது. தோட்டத்தில் பிறந்த நிறையப் பேருக்குப் போல அது சிங்களத்தில் எழுதியது. அப்பா பெயர் வேலு. பாடசாலையில் சேர்த்தபோது ஆங்கிலத்தில் ‘வி’ போட்டு எழுதினார்கள். சாதாரண தரம், உயர்தரம், அடையாள அட்டை எல்லாவற்றிலும் என் முதலெழுத்து ‘வி’. சிங்களச் சான்றிதழை ஆங்கிலத்துக்கு மாற்றிய சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் சிங்கள எழுத்தைப் பார்த்து ‘டபிள்யூ’ போட்டுவிட்டார். அவர் பார்த்த எழுத்துக்கு அது பிழை இல்லை. நான்தான் வாசித்துப் பார்க்காமல் வாங்கி வந்தேன்.

விண்ணப்பத்துக்காக இரவு பஸ்ஸில் ஹட்டனிலிருந்து கொழும்புக்கு இறங்கி, விடியற்காலை முகம் கழுவி, வரிசையில் நின்று, ஒரு கவுண்டரில் கோப்பை நீட்டினேன். அங்கிருந்தவர் பேனா முனையை முதலில் பெறுபேற்றுத் தாளில் வைத்தார், அப்புறம் மொழிபெயர்ப்பில் வைத்தார். “தங்கச்சி, இது ரெண்டு ஆள் பேருல்ல?” என்றார். அவ்வளவுதான். கோபம் கூட இல்லை அவருக்கு. திருத்தி எடுத்துக்கொண்டு மறுபடி போனபோது கடைசித் திகதி முடிந்து நாலு நாள்.

அதைச் சரிப்படுத்த எவ்வளவு நேரம் பிடித்தது தெரியுமா? பிரதேச செயலகத்தில் புதுப் பிரதி எடுத்து, அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதச் சொல்லி மொழிபெயர்ப்பைத் திரும்பச் செய்து, இரண்டும் ஒரே ஆள் என்று சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக் கடதாசி முடித்தேன். வீட்டுக்கும் டவுனுக்குமாக ஒரு வாரம். அந்த ஒரு வாரத்தை நான் பரீட்சை முடிந்த கையோடு செலவழித்திருந்தால் இப்போது இரண்டாம் வருடத்துக்குப் போயிருப்பேன்.

எனவே தயவுசெய்து, பெறுபேறு வரும் வரைக்கும் காத்திருக்காதீர்கள். உயர்தரம் எழுதி முடித்த கிழமையே எல்லாத் தாளையும் தரையில் விரித்து, ஒருவர் எழுத்தெழுத்தாக வாசிக்க இன்னொருவர் பாருங்கள். என்னென்ன பார்க்க வேண்டும்:

- உங்கள் பெயர், அப்பா பெயர், அம்மா பெயர். அம்மா பெயரை யாரும் பார்ப்பதில்லை, அதிலும் பிழை வரும்.
- பிறந்த திகதி. தோட்டப் பதிவுகளில் பிறந்த நாளும் பதிந்த நாளும் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் இருக்கும், மொழிபெயர்ப்பில் மாறிவிடலாம்.
- கடவுச்சீட்டு எடுப்பதற்கு முன்பே பெயரைத் திருத்துங்கள். பின்னால் திருத்தினால் அதையும் மாற்ற வேண்டிவரும்.
- பிறப்புச் சான்றிதழிலேயே பிழை என்றால் சத்தியக் கடதாசி மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள். பிரதேச செயலகத்தில் திருத்தத்துக்கு விண்ணப்பியுங்கள், அதற்கு மாதக்கணக்கு ஆகலாம்.
- பெறுபேற்றுச் சான்றிதழைப் பரீட்சைத் திணைக்களத்திலிருந்து ஆங்கிலத்தில் எடுங்கள். வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் அத்தாட்சிப்படுத்த வேண்டும். இரண்டும் பத்தரமுல்லைப் பக்கம்தான், ஒரே பயணத்தில் திட்டமிடலாம்.

கொழும்புக்குத் தனியாகப் போங்கள் என்பேன். கூட்டாளிகளோடு போனால் ஒருவர் வேலை முடிந்ததும் எல்லோரும் கிளம்பிவிடுவோம். ஒரு சின்னக் கொப்பியில் எந்தத் திகதி, எந்தக் கவுண்டர், என்ன கேட்டார்கள் என்று எழுதி வையுங்கள். இரண்டாம் தரம் போனபோது என்னைக் காப்பாற்றியது அந்தக் கொப்பி.

இன்னொன்று, இதற்குத்தான் நான் பயப்படுகிறேன். பரீட்சை இல்லை என்றதும் முகவர்கள் தோட்டத்து லயன் வீட்டு வாசலுக்கே வருகிறார்கள். ஒருவர் எங்களிடம் சார்க் இடம் “பேசி வாங்கித் தருவதாக” நாலு இலட்சம் கேட்டார். அப்பா நகையை அடகு வைக்கக் கிளம்பிவிட்டார். தகுதி வரிசையில் எடுக்கும் இடத்தைப் பேசி வாங்க ஒன்றுமில்லை, அறிவித்தலும் விண்ணப்பமும் எல்லோருக்கும் பொதுவானவை. யாரிடமும் ஐந்து சதம் கொடுக்காதீர்கள்.

எந்த நாட்டுக்குப் போனாலும், பணம் கட்டுவதற்கு முன் இலங்கை மருத்துவ சபையிடம் கேளுங்கள். அந்தக் கல்லூரி சபையின் அங்கீகாரப் பட்டியலில் இருக்க வேண்டும். உயர்தரத்தில் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றிலும் நமக்கு இருக்க வேண்டிய குறைந்தபட்சச் சித்திகளை 2018 வர்த்தமானி சொல்கிறது. அது இல்லாமல் போனால் பட்டத்தோடு வந்தும் இங்கே பதிய முடியாது. அது இருந்தாலும், திரும்பி வந்து, வெளிநாட்டில் படித்தவர்களுக்கான ஈ.ஆர்.பி.எம். பதிவுப் பரீட்சையில் சித்தியடைந்தால்தான் இங்கே வைத்தியராகலாம். நுழைவுத் தேர்வு இல்லாமல் உள்ளே போகிற நாங்கள் அந்தப் பரீட்சைக்கு ஐந்து வருடமும் தயாராக வேண்டும். அதை மனதில் வைத்துத்தான் போகிறேன்.

தம்பி அடுத்த வருடம் சாதாரண தரம் எழுதுகிறான். அவனுடைய பிறப்புச் சான்றிதழ் மொழிபெயர்ப்பை நேற்றுத்தான் ஹட்டனில் போய் எடுத்து வந்தேன். கடை வாசலிலேயே நின்று மூன்று தரம் வாசித்தேன். ‘வி’தான் போட்டிருக்கிறது.