பட்டையில் கறுப்புக் கிறுக்கல்: பெயர் வைக்கும் முன் வெட்டிப் பாருங்கள்

ஆனைமலை மழைக்காட்டில் வழவழப்பான பட்டையுள்ள மரங்களைப் பார்த்தால், வெளிர் சாம்பல் திட்டும் அதன்மேல் கறுப்புக் கிறுக்கலுமாக ஒரு லைக்கன் (பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிர்) அப்பியிருக்கும். படம் எடுத்த கையோடு 'கிராஃபிஸ் ஸ்கிரிப்டா' என்று எழுதிவிடுகிறார்கள். அது வடக்கே குளிர்நாடுகளின் இனம். இங்கே இருப்பவை கிராஃபிஸின் வேறு இனங்கள். பல நேரம் கிராஃபிஸே இல்லை, ஃபியோகிராஃபிஸ் என்ற வேறு பேரினம். படத்தை வைத்து இந்த இரண்டையும் பிரிக்க முடியாது.

சமையல் கல்பாசியைப் போல இதை உரிக்க வராது, பட்டையோடு பட்டையாக இறுகிப்போனது. வனத்துறை அனுமதி கையில் இருந்தால், கூரிய உளியால் மேல்பட்டையை மட்டும் மெல்லியதாகச் சீவுங்கள். ஈரமான உள்பட்டை தெரிந்தால் ஆழம் அதிகம், மரத்துக்குக் காயம். காகித உறையில்தான் போட வேண்டும். பிளாஸ்டிக் பையில் பூஞ்சணம் பிடித்துவிடும்.

கறுப்புக் கோடுதான் பூஞ்சையின் வித்து (ஸ்போர்) உண்டாகும் இடம். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு ஊறியதும், புது பிளேடால் கோட்டுக்குக் குறுக்கே வெட்டுங்கள். நீளவாக்கில் வெட்டினால் கோட்டின் இரு பக்கத்து உதடுகளின் (விளிம்புகளின்) அமைப்பு தெரியாமல் போகும். கரிபோன்ற கறுப்பு பக்கங்களில் மட்டுமா, அடியிலும் உண்டா, உதட்டில் வரிப்பள்ளம் இருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். இனத்தைப் பிரிக்க இவை மூன்றும் வேண்டும்.

பிறகு அந்த வெட்டை நுண்ணோக்கியில் வைத்து, 400 மடங்கில் வித்தைப் பாருங்கள். கிராஃபிஸுக்கு நிறமில்லை, ஃபியோகிராஃபிஸுக்குப் பழுப்பு. அதிகம் தப்புவது இங்கேதான்: ஃபியோகிராஃபிஸின் இளம் வித்தும் நிறமில்லாமல் இருக்கும், கிராஃபிஸின் கெட்டுப்போன பழைய வித்து பழுப்பாகும். அதனால் லுகால் அயோடின் கரைசலைக் கவர்ஸ்லிப்பின் (வெட்டை மூடும் மெல்லிய கண்ணாடியின்) ஓரத்தில் விடுங்கள். வித்து நீல ஊதாவானால் கிராஃபிஸ், செம்பழுப்பானால் ஃபியோகிராஃபிஸ். கண்ணுக்குத் தெரியும் நிறத்தைவிட இதைத்தான் நான் நம்புவேன். வித்தே காணோம் என்றால் அந்தக் கோடு முதிரவில்லை; வேறொன்றை வெட்டுங்கள்.

கடைசியாக, புது வெட்டு ஒன்றில் 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. மஞ்சளாகிச் சிவந்து, ஊசி ஊசியாய்ச் சிவப்புப் படிகம் வந்தால் நார்ஸ்டிக்டிக் அமிலம் (இனத்தைப் பிரிக்க உதவும் லைக்கன் வேதிப்பொருள்) இருக்கிறது. திட்டின்மேல் நேரடியாகச் சொட்டினால் பட்டையின் சாயம் கசிந்து ஏமாற்றும். கரைசலையும் சில மாதங்களுக்கு ஒருமுறை புதிதாகக் கலக்குங்கள். காற்றுப் பட்டு வீரியம் போனதில் சோதித்தால், சிவக்க வேண்டிய வெட்டு சிவக்காது.