ஏர்கோன் காஸ்

கோலாலம்பூர் செந்தூலில் ஏர்கோன் வேலை செய்யும் தம்பியிடம், "பழைய ஆர்-22 மெஷினுக்கு காஸ் மட்டும் ஏத்திக் குடுப்பா"ன்னு கேட்டா முகம் சுளிக்கிறார். "லீக்கை அடைக்காம ஏத்தினா காசுதான் காத்துல போகும், அண்ணே!"

ஆர்-22ங்கிறது ஓசோன் படலத்தைக் கெடுக்கும் பழைய குளிரூட்டும் காஸ். ஓசோனைக் காக்க வந்த 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி வளரும் நாடுகள் 2030க்குள் ஆர்-22ஐ அநேகமா முழுசா நிறுத்தணும். தொழிற்சாலையை மாற்ற, மெக்கானிக்குப் பயிற்சி தர, பணக்கார நாடுகள் போடும் பலதரப்பு நிதி இருக்கு. சிக்கல் வேற இடத்துல. பதிலா வந்த ஆர்-410ஏ ஓசோனைத் தொடாது, ஆனா கரியமில வாயுவைவிட 2,000 மடங்குக்கு மேல சூடேத்தும். ஆர்-22ஐவிடவே அதிகம்! அதுக்குத்தான் 2016ல் அதே ஒப்பந்தத்துக்குக் கிகாலி திருத்தம்: இப்படிச் சூடேத்தும் காஸையும் படிப்படியா குறைக்கணும். மாற்று காஸ்கள்ல ஆர்-32 சுமார் 675 மடங்கு. புரொப்பேன் ரொம்பக் குறைவு, ஆனா தீப்பிடிக்கும். பயிற்சி இல்லாதவர் கையில குடுக்க எனக்குப் பயம்தான்.

புதுசு வாங்குறவங்க ஹார்ஸ்பவரோட சேர்த்து ஸ்டிக்கர்ல காஸ் பேரையும் பாருங்க.