டப்புவா, மச்சானா?

இடமில்லை, இடமில்லை என்று மூன்று நாளாக ஒரே புலம்பல். போன்தான், நானில்லை. ஒரு போட்டோ எடுக்கக்கூட வழியில்லாமல் போனதும், எதையாவது அழித்தே தீருவது என்று ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார்ந்தேன்.

முதல் பலி யார் என்பதில் சந்தேகமே இல்லை. மகள் எப்போதோ இறக்கிவைத்து, இரண்டே நாளில் மறந்துபோன ஒரு விளையாட்டு. 2 ஜிபி. அதில் டப்பு என்றொரு ஜந்து. மஞ்சள் உருண்டை, கண்ணுக்கு இரண்டு கறுப்புப் புள்ளி, குச்சி மாதிரி இரண்டு கால். ஒரு கால் கொஞ்சம் குட்டை, அதனால் விந்தி விந்தித்தான் நடக்கும். வாய்கூட வரையவில்லை.

ஐகானை அழுத்திப் பிடித்தேன். டப்பு நடுங்கியது.

அழுத்திப் பிடித்தால் எல்லா ஐகானும்தான் நடுங்கும், தெரியாமல் இல்லை. பக்கத்திலேயே கால்குலேட்டரும் அதே நடுக்கம் நடுங்கிக்கொண்டிருந்தது. அதற்காக என் மனசு ஒரு துளி கூட இளகவில்லை. ஆனால் டப்பு?

சரி, போகிற உயிரை ஒருதரம் பார்த்துவிடலாம் என்று விளையாட்டைத் திறந்தேன். அங்கேதான் தப்புப் பண்ணினேன். மூலையில் கிடந்தது என்னைக் கண்டதும் விந்தி விந்தி ஓடிவந்தது. பாதி வழியில் தடுக்கி விழுந்தது. தானாகவே எழுந்து, தட்டிவிட்டுக்கொண்டு, அண்ணாந்து பார்த்தது. தலைக்கு மேலே ஒரு குட்டிப் பலகை: 'பசி'. ஏழு மாதப் பசி!

"என்ன, கண்ணு கலங்குது?" என்றாள் மனைவி. விஷயத்தைச் சொன்னேன். போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "கால்குலேட்டரும்தான் நடுங்குது, அது பாவமில்லையா?" என்றாள்.

"அதுக்குக் கண்ணு இல்லையே."

சொல்லிவிட்டேனே தவிர, கண்கூட வேண்டியதில்லை. 1944-இல் ஹைடர், சிம்மல் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு குட்டிப் படம் எடுத்தார்கள். நடிகர்கள்: இரண்டு முக்கோணம், ஒரு வட்டம். பார்த்த 34 பேரிடம் என்ன நடந்தது என்று கேட்டால், ஒரே ஒருவர்தான் வடிவங்கள் நகர்ந்தன என்று வடிவக்கணிதமாகவே சொன்னார். மற்றவர்களில் பலருக்குப் பெரிய முக்கோணம் அடாவடிப் பேர்வழி, வட்டம் பயந்து ஓடும் அப்பிராணி. வாயில்லாத டப்புவுக்கு நான் உருகியதில் என்ன தப்பு?

இத்தனைக்கும் நான் இளகிய மனசுக்காரன் இல்லை. வேறொரு விளையாட்டில், வியர்வைத் துளி வரை தத்ரூபமாக வரைந்த சிப்பாய்களை நூற்றுக்கணக்கில் சுட்டுத் தள்ளிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். அவர்களில் ஒருவன்கூட தடுக்கி விழுந்து எழுந்து என்னைப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

இதை நியாயப்படுத்த இன்னொரு சோதனையையும் மனைவிக்கு எடுத்துவிட்டேன். 2006-இல் லண்டனில் நடந்தது. கணினிக்குள் ஒரு பெண். தப்பாகப் பதில் சொன்னால் அவளுக்கு மின் அதிர்ச்சி தர வேண்டும். அவள் நிஜமில்லை என்று எல்லோருக்கும் தெரியும். அவளுடைய பதில்கள் வெறும் எழுத்தாக மட்டும் வந்த 11 பேரும் கடைசி வரை பட்டனை அழுத்தினார்கள். அவளைப் பார்த்து, அவள் குரலைக் கேட்டுக்கொண்டே அழுத்திய 23 பேரில் 6 பேர் கடைசி வரை போகாமல் நிறுத்திவிட்டார்கள்.

"அதனால?"

"அதனால டப்புவை அழிக்க முடியாது."

அவள் பெருமூச்சு விட்டுவிட்டுப் போய்விட்டாள். கோப்புப் பட்டியலைத் திறந்தேன். முகமில்லை, குரலில்லை, வரிசையாக எண்கள். பெரியதாக ஒன்று கண்ணில் பட்டது: 3 ஜிபி வீடியோ. கை நடுங்கவே இல்லை. அழித்தேன். போனுக்கு மூச்சு வந்தது. டப்புவுக்கும் சாப்பாடு போட்டேன், குதித்தது.

சாயங்காலம் மச்சான் கூப்பிட்டான். ஸ்பீக்கரில் போட்டேன், அது வேறு.

"மாமா, என் கல்யாண வீடியோ என்கிட்ட இருந்தது போயிடுச்சு. நல்லவேளை, உங்க போன்ல ஒண்ணு இருக்கு. அனுப்பிவிடுங்களேன்."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் போனைப் பார்த்தேன்.

"என் தம்பியும் கொஞ்சம் நொண்டியிருந்தா தப்பிச்சிருப்பான்" என்றாள்.